அப்பாவை ஏ.சி.யில வெச்சிருக்காங்க

போன ஜனவரியில், கர்க்லாண்டில் எங்களோடு தங்க வந்திருந்த அப்பாவுக்கு நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரியில் முதலில் மாஸ்க் வழியாக அழுத்தக் காற்று கொடுத்துப் பார்த்தார்கள். போதவில்லை. மூன்றாம் நாள் தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைத்தார்கள். அன்று ராத்திரி மதுரையில் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டேன். அங்கே விடிகாலை. "ஏ.சி.யில வெச்சிருக்காங்கடா" என்றேன். "இந்தக் குளிர்ல எதுக்குண்ணா ஏ.சி.? ஒரு போர்வையாவது போடச் சொல்லு" என்றான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. திரையில் இருந்த எழுத்தைப் படித்துச் சொன்னேனே தவிர, எனக்கும் அர்த்தம் தெரியாது. பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதை இந்த முறை எழுதுகிறேன். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்குகிற வீடுகள் நம்மில் நிறைய.

க்யூபெக்கில் வென்டிலேட்டரைக் கவனிக்கத் தனியாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சில் 'இனாலோதெரப்யூட்' என்பார்கள். அப்பாவைப் பார்த்துக்கொண்ட பெண்மணி எல்லா மோடையும் ஒரே கேள்வியில் அடக்கினார்: மூச்சை யார் தொடங்குகிறார், யார் முடிக்கிறார், நோயாளியா மெஷினா?

ஏ.சி. என்றால் அசிஸ்ட் கண்ட்ரோல். நிமிடத்துக்கு இத்தனை மூச்சு என்று மெஷினில் வைத்துவிடுவார்கள். நோயாளி சும்மா இருந்தாலும் அந்த எண்ணிக்கை குறையாது. அவராக ஒரு மூச்சை ஆரம்பித்தால், அதையும் மெஷின் முழு மூச்சாக்கிக் கொடுக்கும். இதிலேயே இரண்டு வகை. ஒன்றில் காற்றின் அளவு மாறாது, அழுத்தம் மாறும். மற்றதில் அழுத்தம் மாறாது, அளவு மாறும். இரண்டில் எது மேல் என்று ஆராய்ச்சிகள் தெளிவாகச் சொல்லவில்லை.

ஆனால் எவ்வளவு காற்று என்பது உயிர் போகிற விஷயம். அப்பாவைப் படுக்கையிலேயே டேப் வைத்து அளந்தார்கள். 165 சென்டிமீட்டர். எடை 78 கிலோ என்று நான் சொன்னதை அவர்கள் கண்டுகொள்ளவில்லை. தொப்பை போட்டால் நுரையீரல் வளராதாம். உயரத்தை வைத்து 61 கிலோ என்று கணக்கிட்டு, கிலோவுக்கு 6 மில்லி வீதம், ஒரு மூச்சுக்கு சுமார் 370 மில்லி வைத்தார்கள். இதற்குப் பின்னால் 2000ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இருக்கிறது. நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 861 பேரில், கிலோவுக்கு 12 மில்லி கொடுக்கப்பட்டவர்களில் 100க்கு 40 பேர் இறந்தார்கள். 6 மில்லி கொடுத்தவர்களில் 31 பேர். நிறையக் காற்று கொடுத்தால் நல்லது என்ற நம் நினைப்புக்கு நேர் எதிர்.

ஐந்தாம் நாள் பி.எஸ்.வி.க்கு மாற்றினார்கள். பிரஷர் சப்போர்ட். இதில் ஒவ்வொரு மூச்சையும் நோயாளிதான் தொடங்க வேண்டும். மெஷின் பின்னாலிருந்து கொஞ்சம் தள்ளிவிடும், அவ்வளவுதான். அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. "நல்லா ஆகட்டும், அப்புறம் குறைக்கட்டுமே. எதுக்குப் பாதியில கைய எடுக்கறாங்க?"

மெஷினே எல்லா வேலையையும் செய்தால், மூச்சு இழுக்கும் தசையான உதரவிதானம் சில நாளிலேயே மெலிந்துவிடும் என்று அந்தப் பெண்மணி விளக்கினார். நான் தமிழில் சொன்னதும் அம்மா பிடித்துக்கொண்டார். "சின்ன வயசுல அக்காவும் நானும் திருகை சுத்துவோம். அவளே சுத்தினா நான் சும்மா கைய வெச்சிருப்பேன். எனக்கு வலுவே வராது. அதானே?" அதேதான்.

எஸ்.ஐ.எம்.வி. என்று இன்னொன்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் சில சுற்று அக்காவுடையது, இடையில் வருவது தங்கையுடையது. மெஷினிலிருந்து மெல்ல விடுபட இதுவே நல்ல வழி என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1995ல் ஸ்பெயினில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, தினம் ஒரு தடவை உதவி இல்லாமல் மூச்சுவிடச் சொல்லிச் சோதித்தவர்கள், இந்த முறையில் இருந்தவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு சீக்கிரம் குழாயிலிருந்து விடுபட்டார்கள்.

நோயாளி மூச்சு கேட்கிற நேரமும் மெஷின் கொடுக்கிற நேரமும் ஒத்துப்போகாத சிக்கலும் உண்டு. அதற்கு நம் மாண்ட்ரியலிலேயே ஒரு வழி கண்டார்கள். கிறிஸ்டர் சிண்டர்பி குழுவினர் 1999ல் வெளியிட்ட 'நாவா' முறையில், உணவுக்குழாய்க்குள் விடும் மெல்லிய குழாய் உதரவிதானத்தின் மின் துடிப்பைப் பிடித்து மெஷினுக்குச் சொல்லும். எல்லா ஆஸ்பத்திரியிலும் இது இருக்காது. அப்பாவுக்குத் தேவையும் படவில்லை.

அந்த ஐந்தாம் நாள் சாயங்காலம் அப்பாவின் மூச்சு நிமிடத்துக்கு 36க்கு ஏறியது. ஒவ்வொரு மூச்சும் 220 மில்லிதான். வேகமாகவும் மேலோட்டமாகவும் மூச்சுவிட்டால் களைத்துவிட்டார் என்று அர்த்தம். திரும்ப ஏ.சி. போட்டார்கள். தம்பி போனில் அழுதுவிட்டான். "முடிஞ்சுதாண்ணா?" இந்தத் தடவை எனக்குப் பதில் தெரிந்திருந்தது. "இல்லடா. ராத்திரி ஓய்வு கொடுக்கறாங்க. நாளைக்கு மறுபடி பார்ப்பாங்க."

மறுநாளும் பார்த்தார்கள், அடுத்த நாளும். ஒன்பதாம் நாள் அரை மணி நேரச் சோதனையில் மூச்சு சீராக இருந்தது. குழாயை எடுத்தார்கள். குரல் வர இரண்டு நாள் ஆனது.

நான் டாக்டர் இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால், மோடின் பெயரைக் கேட்டுக் கலங்காமல் நான்கு கேள்வி கேளுங்கள். மூச்சை அவராகத் தொடங்குகிறாரா? மெஷின் எவ்வளவு உதவுகிறது? நேற்றைவிட அந்த உதவி கூடியதா, குறைந்ததா? தானாக மூச்சுவிடும் சோதனை எப்போது? பதிலை ஒரு தாளில் எழுதிவைத்து, ஊருக்குப் பேசும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாளை அம்மா இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்.