முத்திரை விழாத டிரைவர்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. அதைப் பற்றி நம் கடைகளில் பேசித் தீர்த்தாகிவிட்டது. அதே நாளில் வந்த மாதாந்திர அப்டேட்டில் இன்னொன்றும் நடந்தது, அது அவ்வளவாகப் பேசப்படவில்லை. விண்டோஸோடு சேர்ந்தே பல காலமாக வந்துகொண்டிருந்த அகிரி மோடம் டிரைவரை மைக்ரோசாஃப்ட் பழுது பார்க்காமல் அடியோடு எடுத்துவிட்டது. சாதாரணப் பயனர் ஒருவர் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு அதில் ஓட்டை இருந்தது. மோடத்தை யாரும் பயன்படுத்தாத கணினியிலும் அந்த ஓட்டை திறந்தே கிடந்தது, அதன் வழியாகத் தாக்குதலும் நடந்துகொண்டிருந்தது. அந்த டிரைவரை நம்பியிருந்த ஃபேக்ஸ் மோடம்கள் அன்றோடு நின்றன.

'ஓடிக்கொண்டிருக்கும் வன்பொருளை நிறுத்த இவர்கள் யார்?' என்று நம் வாசகர்களில் சிலர் கேட்கிறார்கள். இந்த இதழின் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீக்கியது சரி. பராமரிக்க ஆளில்லாத டிரைவருக்குக் கர்னலில் இடம் கிடையாது. 2024 ஜூலையில் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தால் வந்த முடக்கத்துக்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் எடுத்துவரும் பாதையும் சரி. ஆன்டிவைரஸ் நிறுவனங்களைக் கர்னலுக்கு வெளியே கொண்டுவரும் புதிய தளத்தை 2025 ஜூலையில் கூட்டாளி நிறுவனங்களுக்கு முன்னோட்டமாகத் தர முன்வந்தார்கள். பத்து ஆண்டுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது.

டிரைவர்தான் கர்னலின் நோஞ்சான் பகுதி என்பது இன்று நேற்றுத் தெரிந்த விஷயமல்ல. லினக்ஸ் கர்னலின் மற்ற பகுதிகளைவிட டிரைவர்களில் பிழை விகிதம் 3 முதல் 7 மடங்கு வரை இருக்கிறது என்று 2001-இலேயே ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் எண்ணிக் காட்டினார்கள். 2003-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்விஃப்ட், பெர்ஷாட், லெவி மூவரும் நூக்ஸ் என்ற தங்கள் அமைப்பைப் பற்றி எழுதியபோது எக்ஸ்பி கிராஷ்களில் 85 சதவீதம் டிரைவர்களால் வருவதாகக் குறிப்பிட்டார்கள். டிரைவரைக் கர்னலுக்குள்ளேயே தனி வேலி போட்டு அடைத்து, அது விழுந்தால் அதை மட்டும் தூக்கி நிறுத்தலாம் என்று லினக்ஸில் செய்தும் காட்டினார்கள். நம் ஊர்க்காரரின் பங்கும் இதில் உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஸ்ரீராம் ராஜாமணி, தாமஸ் பாலோடு சேர்ந்து மைக்ரோசாஃப்டில் உருவாக்கிய ஸ்லாம், ஸ்டாட்டிக் டிரைவர் வெரிஃபையர் என்ற பெயரில் டிரைவர் எழுதுபவர்களின் கைக்கு வந்தது. டிரைவரை ஓட்டாமலேயே, கர்னலின் விதிகளை அது எங்கே மீறுகிறது என்று மூல நிரலில் தேடிச் சொல்லும் கருவி அது. 2011-இல் இருவருக்கும் அதற்காக சிஏவி விருது கிடைத்தது. இப்போது அந்த இடத்துக்கு கோட்க்யூஎல் வந்துவிட்டது.

இவ்வளவு இருந்தும் 2024 ஜூலை 19 நடந்தது. நம் நேரம் காலை 9:39-க்கு கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய 291-ஆம் எண் சேனல் ஃபைல் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை விழவைத்தது. டிரைவர் முறைப்படி சோதிக்கப்பட்டுக் கையொப்பம் பெற்றதுதான். அது படித்த தரவுக் கோப்புக்கு அந்தச் சோதனை இல்லை. 21 உள்ளீடுகள் என்று வரையறை சொன்னது, படிக்கும் நிரலுக்கு வந்தவை 20. இல்லாத இருபத்தோராவதைத் தேடிப் போனது, கர்னல் விழுந்தது. 10:57-க்கு அவர்கள் கோப்பைத் திருத்திவிட்டார்கள், ஆனால் விழுந்த கணினிகள் பலவற்றை ஆள் போய் சேஃப் மோடில் எழுப்ப வேண்டியிருந்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். 10 வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் மட்டும் சிறு இடையூறு என்று ரிசர்வ் வங்கி சொன்னது.

போத்தனூரில் இருந்து எழுதுகிறவன் என்பதால் எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் ரயில்வேயின் சிக்னல் தொலைத்தொடர்புப் பணிமனைதான் நினைவுக்கு வரும். அங்கே செய்யும் சிக்னல் ரிலேயில், சுருளுக்கு வரும் மின்சாரம் எந்தக் காரணத்தால் நின்றாலும் ஆர்மேச்சர் தன் எடையிலேயே கீழே விழும். விழுந்தால் சிக்னல் சிவப்பு. சூட்டில் ஒட்டிக்கொள்ளாமலிருக்க ஒரு பக்கத் தொடுமுனையைக் கார்பனில் செய்கிறார்கள். பழுது வந்தே தீரும் என்று ஒப்புக்கொண்டு, வந்தால் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டுச் செய்த பொருள் அது. கர்னலில் ஓடும் டிரைவருக்கு அப்படி விழ ஒரு பக்கம் கிடையாது, விழுந்தால் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டுதான் விழும். டிரைவரை யூசர் மோடுக்குக் கொண்டுவருவது அதற்கு விழ ஓர் இடம் கொடுப்பது. அதனால்தான் ஆதரிக்கிறேன்.

ஆனால் இந்தப் பாதையில் நம் தொழிலுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. நான் பல வருடமாகச் சொல்லிவருவதுதான், மறுபடியும் சொல்கிறேன். எடைமேடை.

குறிச்சி சிட்கோவைச் சுற்றி எத்தனை எடைமேடைகள் இருக்கின்றன என்று வாசகர்களுக்கே தெரியும். ஃபவுண்டரிக்கு வரும் ஸ்கிராப், பிக் அயர்ன், கோக், வெளியே போகும் காஸ்டிங், எல்லாம் அதன் மேல் ஏறி இறங்கித்தான் போகின்றன. லோட் செல்லில் இருந்து ஜங்ஷன் பாக்ஸ், அங்கிருந்து இன்டிகேட்டர், இன்டிகேட்டரின் சீரியல் போர்ட்டில் இருந்து கணினி. இன்றைய கணினியில் பெரும்பாலும் சீரியல் போர்ட் கிடையாது. ஆகவே நடுவில் நூற்றைம்பது, இருநூறு ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி கன்வெர்ட்டர் கேபிள். அதற்குள் என்ன சிப் இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

லாரி மேடையில் ஏறும்போது அறையே அதிர்கிறது. யூஎஸ்பி முனை ஒரு நொடி தளர்ந்து மறுபடி பிடிக்கிறது. அந்த ஒரு நொடியில் சாதனம் போய்விட்டது என்று விண்டோஸ் சொல்ல, நிலுவையில் இருக்கும் ரீட் கோரிக்கையை ஒழுங்காக ரத்து செய்யாமலேயே பழைய டிரைவர் தன் நினைவகத்தை விடுவித்துவிடுகிறது. பிறகு அந்தக் கோரிக்கை திரும்பி வந்து, விடுவித்த இடத்தைத் தொடுகிறது. டி1 ஸ்டாப் கோட். "ஏனுங்க, ஸ்கிரீன் நீலமாப் போயிருச்சுங்க" என்று நமக்கு போன் வருகிறது. போய்ப் பார்த்து விண்டோஸை மறுபடி போட்டுவிட்டு வருகிறோம். டம்ப் ஃபைலைத் திறந்து பார்ப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

கிராஷ் ஆனாலாவது தெரிந்துவிடும். அதைவிட மோசமானதை நான் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மேடையில் டிரைவர் விழவில்லை, தரவு வருவது மட்டும் நின்றுபோனது. எடை மென்பொருள் கடைசியாக வந்த எண்ணைத் திரையில் அப்படியே வைத்துக்கொண்டது. அடுத்து ஏறிய லாரிக்கு முந்தைய லாரியின் எடையில் சீட்டு விழுந்தது. இன்டிகேட்டரில் சரியான எடை சிவப்பு எழுத்தில் எரிந்துகொண்டிருந்தது, யாரும் அதைப் பார்க்கவில்லை. கையில் இருப்பது அச்சடித்த சீட்டு, அதை எதிர்த்து யார் பேசுவார்கள்? அந்த லாரி ஓட்டுநர் தன் லோடு குறைந்ததற்கு விளக்கம் சொல்லிக்கொண்டு வெயிலில் நின்றது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சிப் நிறுவனங்களும் இதைச் சிக்கலாக்கியிருக்கின்றன. எஃப்டிடிஐ 2014-இல் விண்டோஸ் அப்டேட் வழியாக அனுப்பிய டிரைவர், போலிச் சிப்களின் அடையாள எண்ணைப் பூஜ்ஜியமாக்கி அவற்றைச் செயலிழக்க வைத்தது. 2016-இல் வந்த டிரைவர், போலிச் சிப்பைக் கண்டால் வரும் தரவுக்குப் பதிலாக 'அசல் அல்லாத சாதனம்' என்ற ஆங்கில வாசகத்தைப் போர்ட்டில் தள்ளியது. எடை வர வேண்டிய இடத்தில் வாசகம் வந்தால் எடை மென்பொருள் என்ன செய்யும்? புரொலிஃபிக்கின் புதிய டிரைவரோ பழைய எச்எக்ஸ்ஏ சிப் 2012-லேயே கைவிடப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள் என்று டிவைஸ் மேனேஜரில் எழுதிவிட்டு நின்றுகொள்கிறது. நாம் உடனே 2008-ஆம் வருட டிரைவரைத் தேடி எடுத்துப் போடுகிறோம், அப்டேட் வந்து அதை மறுபடி மாற்றுகிறது. கடைசியில் மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்துவிட்டு, டிரைவர் கையொப்பச் சோதனையையும் நிறுத்திவிட்டு வருகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பூட்டு இறுகுகிறது என்று கதவையே கழற்றி வைக்கும் வேலை அது.

இதில் அரசு எங்கே இருக்கிறது? 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் இருக்கிறது. மாதிரிக்கு ஒப்புதல் வேண்டும் என்கிறது. 2011-இன் பொது விதிகளின்படி எடைமேடையை 12 மாதத்துக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரை வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அதைப் பார்க்கிறது. சோதனை எடைக்கற்களை ஏற்றி, மூலைகளைப் பார்த்து, ஈய முத்திரையை அழுத்துகிறார்கள். இன்டிகேட்டருக்குப் பின்னால் போகும் கேபிள், அதன் சிப், டிரைவர், அதன் பதிப்பு எண், இவற்றுக்குச் சரிபார்ப்புச் சான்றிதழில் ஒரு கட்டம்கூட இல்லை. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையில் பணமாக மாறும் எண் கணினியில் அச்சாகும் எண்தான். சட்டம் பாதுகாப்பதோ அதற்கு முந்தைய எண்ணை.

மத்திய அரசின் மின்னணு விதிகளிலும் இதே கதை. மின்னணுப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை 2012-இல் 15 வகைப் பொருள்களோடு தொடங்கியது. பிரின்டர், ஸ்கேனர் அதிலேயே இருந்தன, பிறகு அடாப்டர் என்று பட்டியல் நீண்டது. பார்ப்பது மின் பாதுகாப்பு, அதாவது ஷாக் அடிக்குமா, தீப்பிடிக்குமா. விற்ற பொருளுக்கான டிரைவரை எத்தனை வருடம் தர வேண்டும் என்று அந்த ஆணை கேட்பதில்லை. ஐரோப்பாவில் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சைபர் ரெசிலியன்ஸ் சட்டம், 2027 டிசம்பர் முதல் பொதுவாகக் குறைந்தது ஐந்து வருடம் பாதுகாப்புத் திருத்தங்களைத் தரும் கடமையைத் தயாரிப்பாளர் மேல் வைக்கிறது. அதே தொழிற்சாலையில் செய்த அதே கேபிள் நம்மிடம் வரும்போது மட்டும் ஏன் அநாதையாக வருகிறது? ஒரு எடைக்கல்லில் இரண்டு கிராம் தேய்ந்தால் வழக்குப் போடத் தெரிந்த சட்டத்துக்கு, ஒரு லாரி எடையையே மாற்றி அச்சிடும் டிரைவர் கண்ணில் படவில்லை. நுணுக்கம் புரியாததால் விட்டிருந்தால் நம்மைக் கேட்டிருக்கலாம். இதே பக்கத்தில் எத்தனை முறை எழுதியாகிவிட்டது.

கேட்பது பெரிதல்ல. கணினியோடு இணைத்து விற்கும் எடைமேடைக்கு மாதிரி ஒப்புதல் தரும்போது கன்வெர்ட்டரின் சிப், டிரைவர், பதிப்பு மூன்றையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். தரவு நின்றால் மென்பொருள் சீட்டு அடிக்கக் கூடாது என்பதை விதியாக்குங்கள். வருடாந்திரச் சோதனையில் மேடையில் எடை இருக்கும்போதே கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்யலாம். விண்டோஸ் 10 முதல் மைக்ரோசாஃப்டின் சொந்த யூஎஸ்பி சீரியல் டிரைவர் உள்ளேயே இருக்கிறது. சிடிசி ஏசிஎம் வகையில் தன்னை அறிவிக்கும் கன்வெர்ட்டருக்கு வேறு எதையும் நிறுவ வேண்டியதில்லை. அதுவும் கர்னல் டிரைவர்தான், ஆனால் பராமரிக்க ஆள் இருக்கிறது. புது மேடைக்கு ஈதர்நெட் போர்ட் உள்ள இன்டிகேட்டரைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், கன்வெர்ட்டரே வேண்டாம். பழைய மேடைக்கு ஆப்டிகல் ஐசொலேஷன் உள்ளதைப் போடுங்கள், யூஎஸ்பி முனையைக் கவ்வி வைத்துக் கட்டுங்கள். டிரைவர் வெரிஃபையரைக் கடையில் உள்ள சோதனைக் கணினியில் மட்டும் ஓட்டுங்கள். அது சந்தேகப்பட்டால் வேண்டுமென்றே கிராஷ் செய்யும் கருவி, லாரி வரிசை நிற்கும் இடத்தில் அதற்கு வேலையில்லை.

அடுத்த இதழிலிருந்து, விண்டோஸின் சொந்த டிரைவரிலேயே ஓடும் கன்வெர்ட்டர்களை வாசகர்களே சோதித்துச் சொன்ன பட்டியலாக வெளியிடப் போகிறோம். மேடையில் ஆளை நிற்க வைத்து, நூறு முறை கேபிளைப் பிடுங்கிச் செருகிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். விழுந்தால் மினிடம்ப் ஃபைலையும் சேர்த்து அனுப்புங்கள். கஸ்டமர் பெயர் வேண்டாம், டிரைவரின் பெயரும் பதிப்பும் போதும்.