மண் என்றதும் முகம் சுளித்த ஊர்



கட்டடக்கலை படிக்கும் இளைஞர்கள் எழுதிய கட்டுரைகளை இந்த இதழின் சிறப்புப் பகுதியாக்கியிருக்கிறோம். வானளாவிய கட்டடத்தைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லை. வெயில், காற்றோட்டம், மழைநீர், சுண்ணாம்பு என்றே பேச்சு போகிறது. மனசுக்கு நிறைவாக இருந்தது. அவற்றைப் படிக்கும் முன், காண்டோ என்ற ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

மேற்கு ஆப்பிரிக்காவில், புர்கினா பாசோ நாட்டில் இருக்கிறது அந்தக் கிராமம். ஊர்த் தலைவரின் மகன் பிரான்சிஸ் கெரே. ஊரில் பள்ளிக்கூடம் இல்லாததால் ஏழு வயதிலேயே வெளியூர் போய்ப் படித்தவர். தச்சு வேலை பழக உதவித்தொகை கிடைத்து ஜெர்மனி போனார். அப்புறம் பெர்லினில் கட்டடக்கலை. விடுமுறைக்கு வந்து கிளம்பும்போதெல்லாம் ஊர்ப் பெண்கள் தங்களிடமிருந்த கடைசிச் சில்லறையையும் அவர் கையில் வைத்து அனுப்புவார்களாம். அந்தக் கடனை அடைக்க அவர் பட்டம் வாங்கும்வரை காத்திருக்கவில்லை. நிதி திரட்டி, 2001-ல் காண்டோவில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கட்டி முடித்தார்.

மண்ணில் கட்டப்போகிறேன் என்றதும் ஊர் முகம் சுளித்தது. ஜெர்மனி வரை போய்ப் படித்துவிட்டு வந்து மண் சுவரா? அவர்கள் பார்த்த மண் சுவர் மழைக்கு மழை கரைவது. (நம்மைக் கேட்டால் மட்டும் என்ன சொல்வோம்? மெத்தை வீடு இருந்தால்தானே இங்கேயும் மதிப்பு!) மாதிரிக்கு ஒரு மண் வளைவைக் கட்டி, அதன்மேல் ஆட்கள் ஏறிக் குதித்துப் பார்த்தார்கள். வளைவு நின்றது. ஊரும் இறங்கி வந்தது.

மண்ணில் கொஞ்சம் சிமென்ட் சேர்த்துச் செய்த கற்களால் சுவர். கூரை தகரம்தான். ஆனால் அதைச் சுவர்மேல் அப்படியே கவிழ்க்காமல், கம்பிச் சட்டம் கட்டி மேலே தூக்கி நிறுத்தினார். அதற்கடியில் துளைகள் விட்ட மண்கல் தளம் ஒன்று. வகுப்பறைச் சூடு துளை வழியே ஏறி, இடைவெளியில் வெளியேறிவிடும். நன்றாக நீட்டிவிட்ட கூரை, சுவரில் சாரல் படாமல் பார்த்துக்கொள்ளும். அந்தச் சட்டத்துக்குக் கான்கிரீட்டில் போடும் சாதாரணக் கம்பியே போதுமானதாக இருந்தது. ஊர்க்காரர்களே அறுத்துப் பற்றவைத்தார்கள். பெண்கள் தண்ணீர் சுமந்தார்கள், பிள்ளைகள் கல் பொறுக்கினார்கள். 2004-ல் கெரேவுக்குப் பட்டமும் கிடைத்தது, இந்தப் பள்ளிக்குக் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருதும் கிடைத்தது. 2022-ல் கட்டடக்கலைஞர்களுக்கான பிரிட்ஸ்கர் பரிசு.

வங்கதேசத்தின் ருத்ராப்பூர் பள்ளியும் இதே சாதிதான். ஆன்னா ஹெரிங்கர் என்ற கட்டடக்கலைஞர் தன் பட்டப்படிப்புக்காக வரைந்த திட்டம், 2005-ல் நிஜக் கட்டடமாக எழுந்தது. மாடுகளை விட்டு மிதிக்கவைத்துக் குழைத்த மண்ணும் வைக்கோலும் கீழே. மூங்கில் மாடி மேலே. வகுப்பறைகளுக்குப் பின்னால் குழந்தைகள் புகுந்து ஒளிந்துகொள்ள மண் குகைகள் வேறு! வேறொன்றும் இல்லாமல் அந்தக் குகைகளுக்காக மட்டுமே நான் ஒரு விருது கொடுத்திருப்பேன்.

மண்ணில் கட்டிவிட்டார்கள் என்பதற்காகவே கைதட்டிவிட எனக்கு மனமில்லை. பண்ணை வீட்டுக்கு மண் பூச்சுப் பூசுவது இப்போது வசதியானவர்களின் மோஸ்தராகிவிட்டது. ஆனால் காண்டோவில் பள்ளியைக் கட்டி முடித்தபோது, கல் செய்யவும் சட்டம் பற்றவைக்கவும் தெரிந்த கைகள் ஊரிலேயே இருந்தன. அடுத்தடுத்த கட்டடங்களை அவர்களே எழுப்பினார்கள். அது அவர்களுக்குப் பிழைப்பும் ஆனது. நம் இளைஞர்களின் கட்டுரைகளில் நான் தேடிக் கிடைக்காதது இந்த விஷயம்தான். சுண்ணாம்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது, அதைக் குழைத்த ஆளைக் காணோம்.

அதனால் எழுதியவர்களுக்கும் இனி எழுதப்போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த இதழுக்கு அனுப்பும்போது, உங்கள் கட்டடத்தைக் கட்டிய கொத்தனாரிடமும் சித்தாளிடமும் பேசிவிட்டு எழுதுங்கள். கூலி எவ்வளவு, எந்த வேலையைப் புதிதாகக் கற்றார்கள், தங்கள் வீட்டை இப்படிக் கட்டிக்கொள்வார்களா, மாட்டேன் என்றால் ஏன் என்றெல்லாம் கேளுங்கள். பக்கம் கூடிப்போனாலும் பரவாயில்லை, இடம் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்