பாசி தின்னும் மீனும் அதன் குடலும்

கடற்பாசியைத் தின்று வாழும் மீன்கள் அதனைப் பற்களாலும் இரைப்பையின் அமிலத்தாலுமே ஜீரணிக்கின்றன என்றும், அவற்றின் குடலிலுள்ள பாக்டீரியாக்கள் இரையோடு புகுந்து இரையோடு வெளியேறும் வழிப்போக்கர்களே என்றும் ஓர் அபிப்பிராயம் நெடுநாளாக நிலவி வருகிறது. அதற்குக் காட்டப்படும் காரணங்களில் ஒன்றேனும் பரீட்சைக்கு நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அமிலமே போதும் என்பது முதற்காரணம். உயிரணுக்களைச் சிதைத்து உள்ளிருக்கும் சாரத்தை வெளிப்படுத்த அமிலம் உதவும் என்பது மெய்தான். ஆயினும் பழுப்புப் பாசியின் சுவரில் பிரதானமாயுள்ள ஆல்ஜினேட், அமிலம் பட்டதும் கரைவதற்கு மாறாகக் கெட்டிப்பட்டுவிடுகிறது. சிவப்புப் பாசியின் அகரும் எளிதில் மசிவதன்று. நோன்புக் காலத்தில் இஸ்லாமியர் வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி உறையவைக்கும் ‘கடற்பாசி’ அந்த அகர்தான். கொதியில் உருகுகிறதே ஒழிய அதன் சர்க்கரைச் சங்கிலி அறுபடாமையால், ஆறியதும் மறுபடி உறைந்து நிற்கிறது. பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கே அது ஆகாரமாகாது. ஆகையினாலேயே சோதனைச்சாலைகளில் அவற்றை அகரின்மீது வளர்க்கிறார்கள். அதனை அறுக்கும் நொதிகள் பாசியோடு பழகிய சில பாக்டீரியாக்களிடம் உள்ளன.

குளிர்ந்த உடலிலே, விரைந்தோடும் இரையிலே, நொதித்தலுக்கு அவகாசம் ஏது என்பர் சிலர். ஆஸ்திரேலியக் கடலோரத்தில் பழுப்புப் பாசியை மேயும் கைபோசஸ் மீனின் பின்குடலில் இரை தங்குவதற்கென்றே ஒரு பை அமைந்திருப்பதையும், அங்கே நொதித்தல் நிகழ்வதையும் 1987-லேயே ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். பசுவின் வயிற்றில் பிறக்கும் அசிட்டேட் முதலிய அமிலங்களே அங்கும் பிறந்து மீனுக்குச் சக்தியாகின்றன.

வழிப்போக்கர் என்ற வாதத்துக்கு எப்புலோபிஸ்கியம் ஒன்றே போதுமான விடை. 1985-இல் செங்கடலின் சர்ஜன் மீன் குடலிலிருந்து விவரிக்கப்பட்ட இவ்வுயிர், அரை மில்லிமீட்டருக்கும் மேல் வளர்ந்து வெறுங்கண்ணுக்கே புலப்படுவதால், பாக்டீரியாவாக இருக்க முடியாதென்று முதலில் கருதப்பட்டது. மரபணு ஆராய்ச்சி 1993-இல் அது பாக்டீரியாவே என்று நிரூபித்தது. அந்தக் குடலுக்கு வெளியே அதனை வளர்த்துக் காட்டியவர் எவருமில்லை. மீன் மேயும் பகலையும் உறங்கும் இரவையும் ஒட்டியே அதன் வளர்ச்சியும் இனப்பெருக்கமும் நடைபெறுகின்றன.

எதிர்த்தரப்புக்கு ஒன்றை ஒப்புக்கொள்வது நியாயம். நத்தையினத்தைச் சேர்ந்த அபலோன் ஆல்ஜினேட்டை அறுக்கும் நொதியைத் தானே சுரக்கிறது. ஆனால் அதன் குடலிலும் விப்ரியோ ஹாலியோட்டிகோலி என்னும் பாக்டீரியா குடியிருந்து அதே ஆல்ஜினேட்டை அறுத்துக்கொண்டிருக்கிறது.