புண்பட்டவர் யார்? தங்கவயலின் வரலாற்றுக்குத் தடை கேட்போரை நோக்கிச் சில கேள்விகள்

கோலார் தங்கவயலை உருவாக்கிய மக்களின் மூதாதையர் கதையைத் தன் போக்கில் சொன்ன ‘தங்கலான்’ திரைப்படம் 2024 ஆகஸ்ட் 15 அன்று திரையரங்குகளில் வெளியாயிற்று. தணிக்கைச் சான்று பெற்று, பல்லாயிரம் பேர் பார்த்து முடித்த படம் அது. ஓடிடி தளத்தின் வழியாக வீட்டுத் தொலைக்காட்சிக்கு அது வரவிருந்த வேளையில், அந்த வெளியீட்டுக்குத் தடை கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல மனு தாக்கல் செய்யப்பட்டது. படம் பௌத்தத்தைப் புனிதமாகக் காட்டுகிறது, வைணவத்தை நகைப்புக்குரியதாகக் காட்டுகிறது, ஓடிடியில் வந்தால் மோதல் மூளும் என்பது மனுவின் சாரம். தணிக்கை வாரியம் அனுமதித்துத் திரையரங்குகளில் ஏற்கெனவே வெளிவந்துவிட்ட படத்துக்குத் தடை விதிக்க முடியாது என்று கூறி, அக்டோபர் மாதத்தில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. டிசம்பரில் படம் நெட்ஃபிளிக்ஸில் வெளியாயிற்று.

திரையரங்கில் நூற்றுக்கணக்கானோர் ஒன்றாக அமர்ந்து பார்த்தபோது மூளாத மோதல், ஒரு குடும்பம் தன் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பார்க்கும்போது எப்படி மூளும்? மனுதாரர் தனிநபர்தான். ஆனால் அந்த மனுவில் உள்ள வாதம் அவர் கண்டுபிடித்ததல்ல. சின்னத்திரையைக் காவல் காக்கப் புறப்பட்டிருக்கும் மத அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சலவை செய்து உடுத்திவரும் பழைய சட்டை அது. அதைக் கழற்றிப் பார்ப்பது தங்கவயல் தோழர்களின் கடமையாகிறது. ஏனெனில் இம்முறை குறிவைக்கப்பட்டது ஒரு நடிகரோ இயக்குநரோ மட்டுமல்ல.

பௌத்தம் தங்கவயலுக்குச் சினிமாக்காரர்கள் கொண்டுவந்து சேர்த்த அலங்காரமா? 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கத்தில் இறங்கியது முதல், வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் நிலமற்ற தலித் மக்கள் இங்கே குடிபெயர்ந்தனர். பண்ணையாரின் களத்துமேட்டிலிருந்து தப்பி வந்தவர்கள் பூமிக்கு அடியில் பாறை உடைத்தனர். கூலியாக ரொக்கம் கிடைத்தது. லைன் வீடுகளில் பள்ளியும் படிப்பகமும் வந்தன. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு, இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே மாரிக்குப்பத்தில் கிளை அமைந்தது. அவர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைவுக்குப் பின் நின்றுபோய், 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வெளிவந்தது. எங்கிருந்து? இதே தங்கவயலிலிருந்து. பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பாதுகாத்த சித்தார்த்த புத்தகசாலையும் தங்கவயலில்தான் இயங்கியது. சுரங்கத் தொழிலாளி தன் கூலியிலிருந்து காசு கொடுத்து வளர்த்த அச்சும் எழுத்தும் அவை. பிறப்பால் இழிவு என்ற விதியை ஏற்க மறுத்தவன், தன் பாட்டனுக்கு முன்பே ஓர் அறம் இருந்தது என்று தேடிக் கண்டடைந்த பெயர் புத்தர்.

ஆகவே, பௌத்தத்தைப் புனிதமாகக் காட்டுவது குற்றம் என்போர், தங்கவயல் மக்களின் ஒரு நூற்றாண்டு நினைவையே குற்றப் பட்டியலில் சேர்க்கின்றனர். புத்தர் யாரைப் புண்படுத்தினார் என்பதை அவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

வைணவம் நகைப்புக்கு ஆளானதாம். படத்தில் நாமம் தரித்து, தன்னை வைணவ அடியாராகக் கருதிக்கொண்டு வாழும் ஓர் ஒடுக்கப்பட்ட மனிதர் வருகிறார். பசுபதி ஏற்று நடித்த பாத்திரம். அவரைப் பார்த்துத் திரையரங்கு சிரிக்கிறது, உண்மைதான். ஆனால் அச்சிரிப்பின் பொருள் என்ன? நாமம் இட்ட பின்னும் அவர் நிற்கும் இடம் மாறவில்லை. அடியார்க்குள் சாதி இல்லை என்று ராமானுசர் பெயரால் சொல்லப்பட்ட சொல்லை நம்பியவர், ஊருக்கு வெளியேதான் இன்னும் நிற்கிறார். அச்சொல்லைக் காப்பாற்றாத ஊரைக் கேட்க வேண்டிய கேள்வியைப் படத்தின் மீது திருப்பிவிடுவது எளிது. வைணவத்தின்பால் மெய்யான பற்றுடையோர் அந்தக் காட்சியில் வெட்கப்பட இடமுண்டு. கோபப்பட என்ன இருக்கிறது?

நீதிமன்றத்துக்குப் போகாமலே முடிக்கப்பட்ட கணக்குகள் இதைவிட ஆபத்தானவை. 2015 மார்ச் 8, மகளிர் தினம். தாலி பெண்ணுக்குப் பெருமையா என்று கேட்கும் ஒரு விவாத நிகழ்ச்சியைப் புதிய தலைமுறை தொலைக்காட்சி ஒளிபரப்பவிருந்தது. முன்னோட்டம் மட்டுமே வந்திருந்தது. நிகழ்ச்சியை ஒருவரும் பார்த்திருக்கவில்லை. இந்து முன்னணியினர் நிறுவனத்தின் முன் திரண்டனர், ஒளிப்பதிவாளர் தாக்கப்பட்டார், நிகழ்ச்சி கைவிடப்பட்டது. அத்தோடும் விடவில்லை. நான்கு நாள் கழித்து, மார்ச் 12 அதிகாலையில், அந்நிறுவனத்தின் மீது டிபன் பாக்ஸ் வெடிகுண்டுகள் வீசப்பட்டன. பெண்கள் வாய் திறந்து பேசப்போகிறார்கள் என்ற செய்தியே போதுமானதாக இருந்திருக்கிறது.

‘அன்னபூரணி’க்கு வெடிகுண்டு தேவைப்படவில்லை. 2023 டிசம்பர் 1 அன்று திரையரங்குகளில் வந்தபோது பெரிய சலசலப்பு ஏதும் இல்லை. மாத இறுதியில் நெட்ஃபிளிக்ஸில் வந்ததும், மும்பையில் முன்பு சிவசேனாவில் இருந்த ஒருவர் காவல்துறையில் புகார் கொடுத்தார். ராமன் வனவாசத்தில் இறைச்சி உண்டதாக ஒரு பாத்திரம் பேசும் வசனமும், கோயில் மடைப்பள்ளியில் சமைப்பவரின் மகள் இறைச்சி சமைப்பதும் அவரைப் புண்படுத்தினவாம். விசுவ இந்து பரிஷத் களமிறங்கியது. ஜனவரி இரண்டாம் வாரத்துக்குள் படம் தளத்திலிருந்து அகற்றப்பட்டது. ஜீ நிறுவனம் பரிஷத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதியது. எந்த நீதிபதியும் அப்படத்தைத் தவறு என்று சொல்லவில்லை. முதலாளி கணக்குப் பார்த்தார்: ஒரு படத்தின் லாபத்தைவிட ஒரு கூட்டத்தின் கோபம் செலவு மிகுந்தது. கருத்துரிமையின் காவலனாகச் சந்தையை நம்புவோர் இந்த இரண்டு வாரங்களை மறக்கக் கூடாது.

கர்நாடகத்தில் இந்தக் காவல் வேலை ஒரு மதத்தார்க்கு மட்டும் உரியதல்ல. 2017 மார்ச் மாதத்தில் ஜீ கன்னடத் தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டியில் ஷிவமொக்காவைச் சேர்ந்த ஓர் இஸ்லாமிய இளம்பெண் இந்து பக்திப் பாடல் ஒன்றைப் பாடினார். மதத்தைக் கெடுத்துவிட்டாள் என்று சமூக ஊடகத்தில் அவர் மீது வசை பாய்ந்தது. ஆட்சி அதிகாரம் யார் பக்கம் என்பதில் இவ்விரு தரப்புக்கும் பெரும் வேறுபாடு உண்டு. அதை மறைப்பது தவறு. ஆயினும் பாடுகிற பெண்ணையும் கேள்வி கேட்கிற பெண்ணையும் கண்டால் இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் புண் ஏற்படுகிறது.

சட்டம் இப்படித் தொடங்கவில்லை. பீஷ்ம சாஹ்னியின் நாவலைக் கொண்டு கோவிந்த் நிஹலானி இயக்கிய ‘தமஸ்’ தொடர் 1988இல் தூர்தர்ஷனில் வந்தபோது, பிரிவினைக் கலவரத்தைக் காட்டுவது வகுப்புப் பகையைத் தூண்டும் என்று தடை கேட்டனர். உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஒரு படைப்பின் விளைவை, எடுத்ததற்கெல்லாம் ஆபத்தைக் காணும் பலவீன மனங்களைக் கொண்டு அளக்கலாகாது, உறுதியும் நிதானமும் உள்ள மனிதரைக் கொண்டே அளக்க வேண்டும் என்ற அளவுகோலை அது எடுத்துக்கொண்டது. இன்று ஒன்றிய அரசு அந்த அளவுகோலைத் தலைகீழாக்கியிருக்கிறது. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் ஓடிடி தளங்களுக்கும், அதே ஆண்டு ஜூனில் வந்த திருத்தம் கேபிள் தொலைக்காட்சிகளுக்கும் மூன்றடுக்குப் புகார் முறையை விதித்தன. முதலில் நிறுவனம், பிறகு சுயகட்டுப்பாட்டு அமைப்பு, உச்சியில் அரசின் குழு. பார்வையாளரின் உரிமை என்று இதற்குப் பெயர் சூட்டினர். நடைமுறையில், அமைப்பாகத் திரண்டு நூறு புகார்களை ஒரே நாளில் அனுப்பக்கூடியவர் எவரோ அவருக்கே இந்தக் கதவு எளிதில் திறக்கும். சுரங்க ஓய்வூதியருக்கு அப்படிப்பட்ட தகவல் தொழில்நுட்பப் பிரிவு எதுவும் இல்லை.

‘தங்கலான்’ விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதென்று எவரும் சொல்லவில்லை. தங்கத்தை மாயமந்திரக் கதையாக்கியதில் உழைப்பின் வரலாறு மங்கிப்போகிறது என்று விமர்சிக்கலாம். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தமும், 1946இல் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான தோழர்களும் இன்னும் திரைக்கு வரவில்லை என்று குறைபட்டுக்கொள்ளலாம். அதைப் படம் பார்த்தவர்கள் ராபர்ட்சன்பேட்டைத் தேநீர்க் கடையில் அமர்ந்து பேசிக்கொள்ளலாம். பார்க்கவே கூடாது என்பது வேறு. தங்கவயல் உழைப்பாளிகளில் கோயிலுக்குப் போகிறவர் உண்டு. மாதா கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போகிறவர் உண்டு. புத்தரை வணங்குகிறவர் உண்டு. ஒரே சுரங்கக் கூண்டில் நின்று இறங்கியவர்கள் அவர்கள். அவர்களுடைய நம்பிக்கையோடு கட்சிக்குப் பகை இல்லை. அந்த நம்பிக்கைக்கு முகவராகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டவர்களோடுதான் பகை.

அந்த முகவர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. 2001 பிப்ரவரி 28 அன்று வாஜ்பாய் ஆட்சியில் சுரங்கம் மூடப்பட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவில் நின்றபோது எந்த அமைப்பின் மனம் புண்பட்டது? பாறைத் தூசியால் நுரையீரல் கெட்டு மாண்டவர்களுக்காக எத்தனை பொதுநல மனுக்கள் தாக்கலாயின? சயனைட் மேடுகளிலிருந்து காற்றடிக்கும் பருவத்தில் கிளம்பும் தூசி இன்றும் வீடுகளுக்குள் படிகிறது. விடியும் முன்பே மாரிக்குப்பத்தில் ரயிலேறி வேலைக்காகப் பெங்களூருக்குப் போகும் இளைஞர்கள் இருட்டிய பின்னரே வீடு திரும்புகின்றனர். 2024 ஜூனில் 13 கழிவு மேடுகளைத் தோண்டித் தங்கம் எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அந்த வேலை யாருக்கு, தூசியை அடக்குவது யார் பொறுப்பு, லைன் வீடுகளின் பட்டா எப்போது என்ற கேள்விகளுக்கு லைன்களில் கையெழுத்துகள் திரட்டப்பட வேண்டியிருக்கின்றன.