தேய்ந்த முழங்காலும் அடிபட்ட முழங்காலும்

நம் சங்கக் கூட்டங்களில் இப்போதெல்லாம் மூட்டுவலிப் பேச்சுதான். "செல் வளர்த்து வைத்தே முழங்காலைச் சரி செய்கிறார்களாமே, மூட்டு மாற்ற வேண்டாமாமே?" என்று என் வயதுக்காரர்கள் ஆவலோடு கேட்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் இந்தச் சிகிச்சை நமக்கானதல்ல, நம் பிள்ளைகளுக்கானது. ஆனால் அவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது. ஆகவே அடிபட்டால் தானாக ஆறுவது அரிது. ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகர மருத்துவர்கள் 1987-ல் ஒரு வழி கண்டார்கள். மூட்டில் பாரம் விழாத ஓரத்திலிருந்து சிறு துணுக்கை எடுத்து, அதன் செல்களை ஆய்வுக்கூடத்தில் சில வாரங்கள் பெருக்கி, பள்ளம் விழுந்த இடத்தில் வைப்பது. 1994-ல் 23 பேரின் விவரத்தை வெளியிட்டார்கள். தொடையெலும்பு முனையில் பழுதிருந்த 16 பேரில் 14 பேருக்கு நல்ல குணம். முழங்கால் சில்லில் பழுதிருந்த 7 பேரில் இருவருக்கு மட்டுமே. பின்னாளில் முறை மேம்பட்டது என்றாலும், எந்த இடத்தில் பழுது என்பது இன்றும் முக்கியம். நம் மும்பையைச் சேர்ந்த ரீகுரோ நிறுவனத்தின் இவ்வகைச் சிகிச்சைக்கு 2017-ல் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி அளித்தது.

ரயில் பாதையில் கிராஸிங் தேய்ந்தால் வெல்டிங் வைத்து நிரப்பி, அரைத்துச் சமன் செய்வோம். தண்டவாளமே நெடுகத் தேய்ந்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். அடியில் ஜல்லி கெட்டிப்படாவிட்டால் எந்த வெல்டிங்கும் நிற்காது. முழங்காலும் அப்படியே. கால் வளைந்திருந்தாலோ லிகமென்ட் அறுந்திருந்தாலோ அதையும் சரி செய்தாக வேண்டும். அறுபது வயதில் மூட்டு முழுதும் தேய்ந்தவர், "செல் சிகிச்சை" என்ற விளம்பரத்தை நம்பி பிராவிடண்ட் பண்டைக் கரைக்க வேண்டாம்.

கபடியில் விழுந்த பையன், நெரிசலில் லோக்கலிலிருந்து இறங்கும்போது முட்டி மோதிய பெண், இவர்கள்தான் மருத்துவரிடம் போக வேண்டியவர்கள். "எக்ஸ்ரே நார்மல்" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது, எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும். வரன் பார்க்கும் வேளையில் வெளியே தெரியக்கூடாதென்று பெண்ணின் வலியை மூடி மறைக்கும் வீடுகளும் நம்மிடையே உண்டு. இது எனக்குச் சற்றும் பிடிக்காத விஷயம்.

செலவு சிறியதல்ல. பெரும்பாலும் இரண்டு முறை ஆஸ்பத்திரி. பிறகு பல வாரம் ஊன்றுகோல், பல மாதம் பிசியோதெரபி. இன்ஷூரன்ஸ் இதற்குப் பணம் தருமா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருப்பவர்கள், அந்த வாரங்களுக்குக் கீழ்த்தளத்தில் ஓர் இடமும் பார்த்து வைக்க வேண்டும்.