493 ஓட்டு

எலெக்‌ஷன் வந்தாப் போதும், புதியம்புத்தூர் டீக்கடைகளில் எல்லாரும் கணக்கு வாத்தியார்தான். "இந்தத் தெரு இவருக்கு, அந்தத் தெரு அவருக்கு, முடிஞ்சுது." சாதிதான் ஓட்டுப் போடுதாம்!

சாதி இல்லைன்னு சொல்ல வரலை. 1995-ல் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து அடிச்சு நொறுக்கியது. 1996-ல் எங்க ஓட்டப்பிடாரம் தொகுதியில் டாக்டர் கிருஷ்ணசாமி ஜெயிச்சார். காயம்பட்ட மக்களின் ஓட்டு அது, புரியுது.

அதுக்கப்புறம் பாருங்க. 2001, 2006 அதிமுக. 2011-ல் அதிமுக கூட்டணியில் மறுபடி கிருஷ்ணசாமி. 2016-ல் திமுக கூட்டணியில் நின்னு, அதிமுகவிடம் வெறும் 493 ஓட்டில் தோத்தார். 2019 இடைத்தேர்தலிலும் 2021-லும் திமுகவின் சண்முகையா. 2021-ல் தனியா நின்ன கிருஷ்ணசாமி பக்கத்துலயே வரலை.

அதே சாதி, அதே தெரு. முடிவு மட்டும் ஏன் மாறுது? கூட்டணி ஒரு காரணம். எந்தக் கணக்கிலும் அடங்காத கொஞ்சப் பேர் இன்னொரு காரணம்.

ரெடிமேட் தைச்சுப் பொழைக்கிற ஊர் இது. 493 ஓட்டுங்கிறது நாலு தெரு மக்கா. தையல் கூலி, துணி விலை, கரண்டு பத்தி அந்த நாலு தெருவும் சாதி பார்க்காம ஒண்ணாக் கேட்டா, எந்த வேட்பாளரும் நின்னு பதில் சொல்லித்தானே ஆகணும்? கேட்காதவரைக்கும் நாம வெறும் கூட்டல் கழித்தல்தான்.

என்ன நாஞ்சொல்றது?