அழகாயிருக்கிறதே, விட்டுவைக்கலாமா?

ஐப்பசி மழை ஒரு வாரம் நின்று பெய்தால் போதும், மருதமலை அடிவாரத்து வீடுகளில் நட்டதைவிட நடாததுதான் அதிகம் முளைக்கும். மூக்கிரட்டை தரையோடு படரும். குப்பைமேனி சுவரோரம் கூட்டமாய் எழும். தும்பை வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கும். வெட்டுக்காயப் பூண்டு, மெல்லிய நீளக் காம்பின் நுனியில் ஒற்றைப் பூவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். இவற்றை என்ன செய்வது என்பதில் இப்போது ஊரில் இரண்டு கட்சி. நாம் நடாதது எதுவானாலும் களைதான், பிடுங்கு என்பது பழைய கட்சி. இயற்கை தந்தது எதுவானாலும் மூலிகைதான், கை வைக்காதே என்பது புதிய கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் குனிந்து செடியைப் பார்ப்பதில்லை. எனக்கு இரண்டோடும் ஒத்துப்போகவில்லை.

பார்க்கச் சகிக்காத களையில் சிக்கலே இல்லை. பார்த்தீனியத்தைக் கண்டால் யாரும் யோசிப்பதில்லை. கையைத் தயங்க வைப்பது பூதான்.

பட்டாசுக்காய்ச் செடியை எடுத்துக்கொள்வோம். புனல் மாதிரி மென் ஊதாப் பூ. காலையில் விரிந்து, வெயில் ஏற ஏறத் துவண்டு உதிர்ந்துவிடும். மறுநாள் அதே செடியில் வேறு பூக்கள். முற்றிக் காய்ந்த காயைத் தண்ணீரில் நனைத்து உள்ளங்கையில் வைத்தால், கொஞ்ச நேரத்தில் பட்டென்று இரண்டாய்ப் பிளந்து, தட்டையான சின்ன விதைகள் முகத்தில் தெறிக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் அதை எச்சிலில் நனைத்து விளையாடாத பிள்ளை எங்கள் பக்கம் இருக்க முடியாது. அந்த விளையாட்டுதான் செடியின் பிழைப்பும். மழை விழும்போது காய் வெடிக்கிறது. ஈரம் பட்ட விதை கொழகொழப்பாகி மண்ணில் ஒட்டிக்கொள்கிறது. முளைக்க வேண்டிய நேரத்தில்தான் விதை வெளியே வருகிறது. மண்ணைத் தோண்டினால் விரல் தடிமனில் கொத்துக் கொத்தாய்க் கிழங்குவேர். மேலே இருக்கிறதை இழுத்து எறிந்தால் கீழே இருக்கிறது மறுபடி துளிர்க்கும்.

வாரம் ஒருமுறை தோட்ட வேலைக்கு வரும் அக்கா சின்ன வயதிலிருந்து காட்டு வேலைக்குப் போனவர். களைக்கொத்தைப் பிடித்தால் அவருக்குக் கண்ணும் கையும் ஒன்று. இந்த ஊதாப் பூவுக்காக நான் வாதாடியபோது அவர் மறுத்துப் பேசவில்லை. "பூவு நல்லாத்தானுங்க இருக்குது அம்மிணி. காய் எத்தன புடிச்சிருக்குதுன்னு பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

பூவைப் பார்த்து முடிவெடுக்காதே, பூவுக்குப் பிறகு அந்தச் செடி என்ன செய்யப் போகிறது என்று பார். இந்த விஷயத்தில் நான் கேட்டதிலேயே உருப்படியான யோசனை இதுதான். பட்டாசுக்காய் மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. ஆனாலும் வசீகரன் இனப் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் அதன் இலையைத் தின்று வளர்கின்றன. அதனால் சுற்றிலும் சிமெண்டுத் தளம் போட்ட ஒரு பாத்தியில் மட்டும் அதை வைத்திருக்கிறேன். காய் பச்சையாக இருக்கும்போதே கிள்ளிவிடுவோம். கத்தரிப் பாத்தியில் தலைகாட்டினால் கிழங்கோடு தோண்டி எடுத்துவிடுவோம். இடத்துக்கு இடம் தீர்ப்பு மாறும் செடி இது.

உண்ணிச்செடிக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

அதன் அழகை நான் மறுக்க மாட்டேன். ஒரே கொத்தில் நடுவே மஞ்சள், விளிம்பில் ரோஜா நிறம். புதிதாய் விரிந்த பூ மஞ்சளாயிருக்கும், தேனும் அதில்தான். மகரந்தச் சேர்க்கை முடிந்தால் நிறம் மாறிவிடும். பட்டாம்பூச்சிகள் ரோஜா நிறத்தை விட்டு மஞ்சளாய்ப் பார்த்து உட்காருவதை நின்று கவனித்தால் தெரியும். இந்த அழகுக்காகத்தான் அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அலங்காரச் செடியாகக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு இது வந்து சேர்ந்தது. பிறகு வேலிக்கு நட்டார்கள். இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் பந்திப்பூரிலும் ஆள் நுழைய முடியாத புதராக மண்டிக் கிடக்கிறது. அடியில் புல் தழைக்காது. மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல் குறைகிறது. ஆடுமாடு அதைத் தின்றால் ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் புண்ணாகும்.

இவ்வளவுக்கும் காரணம் மிளகு மாதிரி மினுங்கும் அந்தக் கறுப்புப் பழம். கொண்டைக்குருவியும் மைனாவும் தின்றுவிட்டுப் போகிற இடமெல்லாம் விதையைப் போடும். எங்கள் தெருவுக்கும் காட்டு ஓரத்துக்கும் நடுவே ஒரு கொண்டைக்குருவிக்கு எவ்வளவு தூரம்? என் வீட்டுச் சுற்றுச்சுவர் எனக்கும் மாட்டுக்கும்தான் எல்லை. அதனால் உண்ணியின் ஒரு கன்றுகூட இங்கே இருக்கக் கூடாது என்பதில் நான் கறாராக இருக்கிறேன். மேலோடு வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து இன்னும் அடர்த்தியாய்க் கிளம்பும். மண்ணுக்குக் கீழே சில சென்டிமீட்டர் இறக்கி வேர்க்கட்டையை வெட்டியெடுத்து, வேர் மேலே இருக்கும்படி கவிழ்த்துப் போட வேண்டும். காடுகளில் இதை அகற்றுகிறவர்கள் கையாளும் முறை அது. வீட்டுத் தோட்டத்துக்கும் பொருந்தும்.

கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் இந்த உண்ணிக் குச்சியை வைத்து நிஜ அளவில் யானைகள் செய்தார்கள். 2021இல் லண்டன் பூங்காக்களில் அவை நின்றன. அந்தக் கைகளுக்கு என் வணக்கம். ஆனால் அத்தனை யானைகள் செய்தும் காட்டில் உண்ணி குறைந்தபாடில்லை. முதுமலையில் இன்னொரு பூ மரமும் இப்படித்தான் ஆகிவிட்டது. மஞ்சள் மஞ்சளாய்க் கொத்துக் கொத்தாகப் பூக்கும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ். பூத்த காட்டைப் பார்க்கிற சுற்றுலாப் பயணி வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார். வனத்துறையோ அதை அகற்றிக் காகிதக் கூழுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஊடுருவும் அந்நியத் தாவரங்களுக்கென்றே தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கை வெளியிட வேண்டிவந்தது.

அந்நியம் என்பதற்காகவே எதையும் வெறுக்கச் சொல்லவில்லை. வெட்டுக்காயப் பூண்டும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். மற்றப் பூக்கள் ஓய்ந்த கோடையிலும் நகக்கண் அளவுள்ள நீலப் பட்டாம்பூச்சிகள் அதில் மொய்க்கின்றன. அதை நடைபாதை ஓரத்தில் விட்டுவைத்திருக்கிறேன், பாத்திக்குள் நுழைந்தால் எடுத்துவிடுகிறேன். மறுபுறம், நம் மண்ணிலேயே காலங்காலமாக இருக்கும் நெருஞ்சியைப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடத்தில் விட முடியுமா? நெருஞ்சியின் மஞ்சள் பூ அத்தனை இனியது. குறுந்தொகையின் 202ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார், கண்ணுக்கு இனிதாயிருந்த அந்தப் புதுப்பூ முள்ளாய் மாறுவதை, இனியவனாயிருந்து இன்னாதவனாகிவிட்ட காதலனுக்கு உவமை சொன்னார். பூவோடு நிற்காமல் முள் வரைக்கும் அந்தச் செடியைப் பின்தொடர்ந்து பார்த்த கண் அது.

தும்பைக்கு என் தோட்டத்தில் தடையே இல்லை. இரண்டு விரலால் இழுத்தால் வந்துவிடும் வேர். பருவம் முடிந்தால் தானே காய்ந்துவிடும். காலையில் தேனீக்கள் அதன் வெள்ளை உதட்டில் தொங்கிக்கொண்டு தேன் குடிக்கின்றன. பக்கத்துத் தெருவிலிருந்து சிவன் பூஜைக்கென்று பறித்துக்கொண்டு போகிறார்கள். எதற்கும் இடைஞ்சல் செய்யாத இதைத்தான் பலர் முதலில் பிடுங்குகிறார்கள். எனக்கு அது மனசுக்கு ஆகவில்லை.

அதே வீடுகளில், நாற்றுப்பண்ணையில் காசு கொடுத்து வாங்கிய வெடேலியா தரையெல்லாம் பளபளவென்று படர்ந்திருக்கிறது. தண்ணீர் குறைவாகப் போதும், வருஷம் முழுக்க மஞ்சள் பூ என்று சொல்லி விற்கிறார்கள். இரண்டும் உண்மை. ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும் என்பதும் உண்மை. கத்தரித்துக் குப்பையில் போட்ட துண்டு, வாய்க்காலோரம் விழுந்தால் அங்கேயே குடியேறிவிடும். உலகின் மிக மோசமான ஊடுருவிகள் நூறு என்று ஐயுசிஎன் அமைப்பின் நிபுணர்கள் வெளியிட்ட பட்டியலில் உண்ணியும் ஆகாயத்தாமரையும் இருக்கின்றன, வெடேலியாவும் இருக்கிறது. நாம் களை என்று பிடுங்குவதும் பூச்செடி என்று வாங்குவதும் எத்தனை வீடுகளில் தலைமாறிக் கிடக்கின்றன!

பக்கத்து வீட்டு மாமா வளர்க்கும் கொடிரோஸில்தான் எனக்கு இன்னும் வழக்கு. சுவர் தெரியாமல் இளஞ்சிவப்பு, அதில் தேனீக்களின் இரைச்சல். "தேனீயே இல்லாமப் போகுதுன்னு எழுதறது நீதானே, இதை வெட்டச் சொல்றதும் நீயா?" என்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் அது நிலத்தடியில் கிழங்கு வைத்துச் சுவர் தாண்டி ஓடைக்கரை வரைக்கும் போய்விட்டது. அங்கே இருந்த முடக்கத்தானும் முசுமுசுக்கையும் அதன் அடியில் மூச்சுவிட முடியாமல் கிடக்கின்றன. தேனீக்கு அவற்றின் பூக்களும் வேண்டும். அவர் சுவருக்குள் இருக்கிற கொடி அவர் பாடு, ஓடைப்பக்கம் போனதைக் கிழங்கோடு தோண்டிவிடலாம் என்கிற அளவுக்குப் பேச்சு வந்திருக்கிறது.

மண் இன்னும் ஈரமாயிருக்கிறது, வேர் முழுசாக வரும். உண்ணிக் கன்று எதுவென்று சந்தேகமானால் ஓர் இலையைக் கசக்கிப் பாருங்கள். சொரசொரப்பும் அந்தக் காரமான நெடியும் காட்டிக்கொடுத்துவிடும். பெயர் தெரியாத செடி ஒன்று மொட்டு விட்டிருந்தால், பூக்கும் வரை பொறுத்து, யாரிடமாவது கேட்டு, காய் பழுக்கும் முன் முடிவெடுங்கள். கார்த்திகை கடந்தால் மண் இறுகிவிடும்.